எட்டுக் கிடேரியும் சினை

மாண்புமிகு நடுவர் கோல்மன் அவர்களுக்கு,

எழுந்ததும் என்னைத் தேட வேண்டாம். வியாழன் ஏலத்திலிருந்து நம் கிடேரிகளை எடுத்துவிடச் சொல்ல ரோஸ்காமன் சந்தைக்குப் போகிறேன். மாட்டு டாக்டர் டெர்வலா நேற்று ஸ்கேன் செய்து பார்த்தாள். எட்டும் சினை. கறிமாட்டு விலை உச்சத்தில் இருக்கிற வாரத்தில், சினை மாட்டைக் கறிக்கு எவன் வாங்குவான்?

மார்ச்சில் நீங்கள் காளைக்கன்றுகளுக்குக் காயடித்த அன்றே கேட்டேன்: "அந்தச் செவலைக்கு ஒரு பக்கம் இன்னும் இருக்கிற மாதிரி தெரியுதே, சரியா பாத்தீங்களா?"

"பதினோரு வருஷமா கண்காட்சியில மாடு பாத்து பரிசு குடுக்கறவன்டி நான். எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றீர்கள். பிறகு அதே செவலையைக் கோடை முழுக்கக் கிடேரிகளோடு மேயவிட்டீர்கள்.

அடுப்பில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் இருக்கின்றன. முதலில் நாய்க்கு வையுங்கள்.

பத்து மணிக்கு டெர்வலா வருவாள், நீங்கள் விட்டுவைத்த மிச்சத்தை முடிக்க. வேலிக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள். எதையும் தொட வேண்டாம்.

அட்ராக்டா

பக்கத்துப் பண்ணை மலாக்கி வந்து, "மாடு விக்கலையா?" என்று கேட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் என்று புளுகாதீர்கள். டெர்வலா அவன் அண்ணன் மகள்.

இன்னொன்று. கணப்புக்கு மேலே மாட்டியிருந்த உங்கள் நடுவர் ரிப்பனைச் செவலையின் கொட்டில் கதவில் கட்டியிருக்கிறேன். எட்டில் ஒன்றைக்கூட விடாமல் வேலையை முடித்தவன் அவன்தான்.