மூன்றாம் வகுப்பு நிருபரின் அம்மாவுக்கு

புதன்கிழமை, மதியம்

அன்பு மனைவிக்கு,

கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பிறகு இப்போதுதான் இந்த வேலைக்காகப் பேனாவைத் தொடுகிறேன். அந்த இரண்டிலும் பொய்தான் அதிகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதில் ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் முதல் வரியிலேயே “என்னது?” என்பாய். மிச்சத்தைச் சொல்லாமலே நான் போனை வைத்துவிடுவேன். நீ ராப்பகலாகத் தங்கி வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நாளைக் காலை உன் துணிப்பையை வாங்க வருகிறார். பைக்குள் மேலாகவே இதை வைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் செய்தி மடல் உன் போனுக்கு வரும். அதைத் திறப்பதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். நோய்த்தொற்றுக்காகப் பள்ளிக்கூடம் மூடி நான்கு மாதமாகிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் மறந்துவிடக் கூடாது என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு யோசனை செய்தார். வாரம் ஒரு செய்தி மடல். எழுதுவது முழுக்கப் பிள்ளைகள். தலைப்பு ‘எங்கள் வீட்டுச் செய்திகள்’. பெற்றோருக்குச் சுற்றறிக்கையும் வந்தது: காகிதம் கொடுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள், எழுதியதைத் திருத்தாதீர்கள். நல்ல காரியம்தானே என்று நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நம் பெண் மரத்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ எழுதுவாள் என்று நினைத்தேன். நம் பொடிசு நம்மைப் பற்றி எழுதியிருக்கிறது.

செய்தி என்றால் உண்மையாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நம் வீட்டில் என்னை விட்டால் இருப்பது உன் அண்ணன். என்னைப் பற்றி ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அவருக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை உண்டா?

எனவே நானே முந்திக்கொள்கிறேன். உன் பெரிய பால் பாத்திரம் கருகிவிட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இப்போது அது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. இது மடலில் ‘காணாமல் போனவை’ என்ற தலைப்பில் வருகிறது, இருக்கும் இடத்தோடு. அடுத்தது முடி. அவளுக்கு நான்தான் வெட்டிவிட்டேன். இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. சமன் செய்ய வலது பக்கம் வெட்டினேன். பிறகு மறுபடி இடது. ‘எனக்கு இப்போது கழுத்து குளிர்கிறது’ என்று எழுதியிருக்கிறாள். படமும் உண்டு. மூன்றாம் பக்கம். அதை மட்டும் உட்கார்ந்துகொண்டு பார்.

இன்னொன்று, நான் ஆன்லைன் வகுப்பில் தூங்கியது. அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். உட்கார்ந்தேன். வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. எப்போது கண் மூடியது என்று தெரியாது. “யாரு அங்க குறட்டை விடறது?” என்று டீச்சர் கேட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் மைக்கை அணைத்திருக்க, நம் வீட்டு மைக் மட்டும் திறந்திருந்தது. “எங்கப்பா டீச்சர், ஏழாம் வாய்ப்பாட்டுல தூங்கிட்டார்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். இப்போது பெற்றோர் குழுவில் என் பெயரே ‘ஏழாம் வாய்ப்பாடு’தான்.

உன் அண்ணனும் தப்பவில்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். ‘என் மாமா நில அளவையாளர். குக்கர் கொடுத்துவிட்டு மூன்று நாளில் போவதாக வந்தார். இன்று நூற்று நான்காவது நாள். எங்கள் கூடத்தை நான்கு முறை அளந்துவிட்டார். பத்திரத்தில் எழுதியிருப்பதைவிட ஒரு அடி குறைகிறது என்று தினமும் வருத்தப்படுகிறார். பஸ் ஓடத் தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. இதைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.’ இதைப் படித்ததிலிருந்து மச்சான் என்னோடு பேசுவதில்லை. நான்தான் எழுதிக்கொடுத்தேன் என்று நினைக்கிறார்.

நம் வீடு மட்டும்தான் இப்படி என்று எண்ணிவிடாதே. மருந்துக்கடைக்காரம்மாவின் இரட்டைப் பெண்கள், அப்பா அம்மா சண்டையைப் பற்றி ஆளுக்கொரு செய்தி எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி கணக்கில் அம்மா ஜெயித்தாள், இன்னொருத்தி கணக்கில் அப்பா. டீச்சர் இரண்டையும் அருகருகே போடப் போகிறாராம்.

இதுவரை சொன்னதெல்லாம் நீ திட்டித் தீர்த்துவிடக்கூடிய விஷயம். இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

நீ போன் செய்யும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள், வகுப்பில் இருக்கிறாள் என்று சொல்லிவந்தேன். போன வாரம் மட்டும் ஒன்பது தடவை குளித்தாள். உனக்கே சந்தேகம் வந்திருக்கும். உண்மை என்னவென்றால், அவள் போனுக்கு வர மாட்டேன் என்கிறாள். உன் பெயரைத் திரையில் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறாள். கோபமா, வருத்தமா, ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு மணி நேரம் அந்தக் கவச உடைக்குள் நின்றுவிட்டு வந்து போன் செய்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். நான் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்து லிப்டுக்குள் பொத்தான் பலகையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் விரலால் தொடப் பயந்து தீக்குச்சியால் அழுத்துகிறார்கள். ஏழாம் மாடிப் பொத்தானுக்குள் மட்டும் நான்கு குச்சி. டீச்சர் தயங்கித் தயங்கிப் பேசினார். “ஒரு செய்தியை மட்டும் எடுத்து வெச்சிருக்கேன். போடறதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும்” என்று சொல்லி வாசித்தார். சொல்லுக்குச் சொல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

‘என் அம்மா நர்ஸ். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் தனி அறையில் இருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா பால்கனியில் மெதுவாகப் பேசுவார். அப்பாவின் மெதுவான குரல் சமையலறை ஜன்னல் வரை கேட்கும். போனில் அம்மா நல்லா இருக்கேன் கண்ணு என்றார்கள். காய்ச்சலோடும் அதைத்தான் சொன்னார்கள். இப்போதும் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் அந்தச் செய்தியை நான் கேட்பதில்லை.’

போட வேண்டாம் டீச்சர் என்றேன். “சரி, ஆனா அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். மூன்றாம் மாடிப் பொத்தானை ஏழாம் மாடி இடத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நான்கு குடும்பங்கள் என்னைத் தேடின.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். “அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?” என்றாள். வந்தது என்றேன். “ஏன் என்கிட்ட சொல்லலை?” நீ பயந்துவிடுவாயே என்றேன். எழுதிக்கொண்டாள். “நீங்க பயந்தீங்களா?” சேச்சே, நான் ஏன் பயப்படணும் என்றேன். உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, “மாமா, அப்பா பயந்தாரா?” என்று கேட்டாள். என்னோடு பேசாமலிருந்த உன் அண்ணன் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: “பதினோரு நாளும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதாரு. தண்ணிதான் வீணாச்சு.”

அது மட்டும் மடலில் வராது. கெஞ்சிச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று கேட்டாள். “அம்மா செத்துப் போயிடுவாங்களா?” மாட்டார்கள் என்றேன். அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. “அம்மாகிட்டயே கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இந்தச் செய்தியை நிறுத்தி வைக்கறேன்” என்றாள். கேள்விகளை எழுதி, உறையில் போட்டு, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டியிருக்கிறாள். இத்தோடு வைத்திருக்கிறேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ‘உண்மையாக’ என்ற ஒரு சொல்தான் தெரிந்தது.

அவள் என்ன கேட்டிருந்தாலும் பதில் எழுது. என்னிடம் சொல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை, அவளிடம் சொல்லிவிடு. எட்டு வயசுதானே என்று பார்க்காதே. நாம் இருவரும் சேர்ந்து மறைத்ததை அவள் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் கணவன்
(மடலில்: ‘அப்பா, லிப்ட் மெக்கானிக், வயது முப்பத்தெட்டு, சமையல் தெரியாது’)


சனிக்கிழமை, காலை

அன்பு மனைவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணன் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். ஏன் ஆரம்பித்தார் என்று வருத்தப்படும் அளவுக்குப் பேசுகிறார்.

உன் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. ஓட்டுநர் வாசலில் நின்று, “குழந்தை கையில மட்டும்தான் குடுக்கணும்னு சிஸ்டர் உத்தரவு” என்றார். நான் நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டேன். அவள் வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் மச்சானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரமாகியும் அவள் வரவில்லை. மச்சான் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். போய்ப் பார்க்கட்டுமா என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும், “படிக்கட்டும், உக்காருங்க மாப்ளே” என்றார். அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் நடை நிருபர் நடைதான். நேராக என்னிடம் வந்து, “ஆம்புலன்ஸ் மாமா நம்பர் குடுங்க” என்றாள். எதற்கு என்றேன். “ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்ல?” என்றாள்.

ஓட்டுநர் பாவம், எங்கேயோ வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். “மாமா, எங்கம்மா இப்ப நடக்கறாங்களா?” நடக்கிறார்கள் என்றார். “சாப்பிடறாங்களா?” பாதி சாப்பிடுகிறார்கள், பாதியைக் கூடத் தங்கியிருக்கும் சிஸ்டருக்குக் கொடுக்கிறார்கள் என்றார். “அழறாங்களா?” அவர் கொஞ்சம் யோசித்து, “போன வாரம் ஒரு நாள் பாத்தேம்மா. துணி வெக்கிற அறையில. இந்த வாரம் இல்ல” என்றார். இவள் உன் கடிதத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அந்த மனுஷர் தானாகவே சொன்னார்: “நேத்து ஸ்ட்ரெச்சரைத் தப்பான பக்கம் நிறுத்திட்டேன்னு என்னை அந்தத் திட்டு திட்டினாங்கம்மா. நாலு வார்டுக்குக் கேட்டிருக்கும்.”

அதைக் கேட்டதும்தான் அவள் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு. “அப்படின்னா அம்மா நல்லாத்தான் இருக்காங்க” என்று சொல்லிப் பேனாவை மூடினாள். அதற்கப்புறம்தான் பால்கனிக்குப் போய் உனக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். சமையலறை ஜன்னலோரம் நின்று பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரிகிறது.

நேற்று வந்த மடலில் அவள் செய்தி முதல் பக்கத்தில். பார்த்திருப்பாய். ‘என் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது. இப்போது இல்லை. வாசனை மட்டும் இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பயமாக இருந்தது என்று அம்மாவே சொன்னார்கள். பயமாக இருந்தாலும் வேலைக்குப் போகிறார்கள். ஓட்டுநரிடமும் கேட்டேன்.’ அவ்வளவுதான். புதன்கிழமையே டீச்சர் இதை வகுப்பில் வாசித்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, “எங்க வீட்லயும் மெதுவா பேசறாங்க டீச்சர்” என்றது. அடுத்தது இன்னொன்று. பதினோரு கை. அன்று சாயங்காலமே பிள்ளைகள் எல்லோரும் நோட்டும் பேனாவுமாக அப்பா அம்மாவை உட்கார வைத்துவிட்டார்கள். தையற்கடைக்காரர் கடையை மூடி இரண்டு மாதமாகியும் வீட்டில் சொல்லாமல், தினமும் பையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். மகள் விசாரித்த ஐந்தாவது நிமிஷத்தில் ஒப்புக்கொண்டார். இப்போது மாடியிலேயே இயந்திரத்தைப் போட்டு வகுப்புக்கெல்லாம் முகக்கவசம் தைக்கிறார். மனைவி பித்தான் வைக்க வேண்டிய சட்டைகளையும் மேலே அனுப்பிவிட்டாளாம்.

எல்லாரும் இவ்வளவு சமத்தாக இல்லை. “உங்க பொண்ணால எங்க வீட்டுல நிம்மதியே போச்சு” என்று பெற்றோர் குழுவில் நான்கு பேர் எழுதினார்கள். பல் டாக்டர் ஒருவர் எனக்குத் தனியாகப் போன் செய்து கத்தினார். கத்தி முடித்துவிட்டு, மனைவிக்கு ஆறு மாதம் என்பதைப் பெரிய பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடமே யோசனை கேட்டார். என்னிடம்! நான் லிப்டைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும் என்றேன். நேராகச் சொல்லிவிடுங்கள், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். தெரிந்துதான் இருந்ததாம். தம்பிக்குப் பெயர்கூட வைத்துவிட்டாளாம்.

பொடிசு இப்போது அடுத்த செய்திக்கு அலைகிறாள். என்னிடம் வந்து, “அப்பா, உங்களுக்கு அம்மாகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்றாள். இல்லை என்றுதான் சொன்னேன். எழுதாமல் போய்விட்டாள்.

இருக்கிறது. வீட்டுக்கு எப்போது வருவாய் என்று இத்தனை நாளாக நான் கேட்கவில்லை. கேட்டால் உனக்குச் சங்கடம், பதில் தெரிந்த கேள்வி, வார்டில் ஆள் இல்லை, உன்னைவிட்டால் யாரும் இல்லை. எல்லாம் புரிகிறது. ஆனாலும் உன் பெரிய சிஸ்டரிடம் ஒரே ஒரு தடவை லீவு கேட்டுப் பார். ஒரு நாள் போதும். கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டாய் என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
பயந்துகொண்டுதான் இருக்கும்
உன் கணவன்