கூடாரத்தில் மாமியார்

மாப்பிள்ளை செமாண்டாவுக்கு,

கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் நலம் உங்களுக்கே தெரியாதபோது நான் எதை விசாரிப்பது?

என் மகள் நசீவா இங்கே என்னோடு நலம். வயிற்றில் குழந்தைக்கு ஐந்தாம் மாதம். மத்தோக்கே வாழைக்காய் மசியலை இப்போதுதான் குமட்டாமல் சாப்பிடுகிறாள். அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே உங்கள் ஆள் வந்து, "ஐயா வீட்டம்மாவ ரோட்டு வேலை முகாமுக்கு அனுப்பச் சொன்னாரு" என்றான். சிமெண்ட் மூட்டை கேட்பதுபோல் கேட்டான். நான் அனுப்பவில்லை.

புதிய நெடுஞ்சாலை வேலை தொடங்கியதிலிருந்து நம் கடைத்தெருவில் லாரிகளும் மதுக்கடைகளும் பெருகிவிட்டன. சாலைக் கம்பெனி எச்.ஐ.வி. பரிசோதனைக் கூடாரம் போட்டது நல்ல காரியம். ஒலிபெருக்கி பிடித்து எல்லோரையும் அழைத்த மேற்பார்வையாளர் நீங்கள். பெண்கள் கூசி நின்றார்கள். விதவைக் கிழவிக்கு என்ன கூச்சம் என்று நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வாசல்வரை வந்த நீங்கள் என்னைக் கண்டதும் திரும்பிவிட்டீர்கள். மாமியார் எதிரில் மருமகன் நிற்கக் கூடாது என்பது புகாண்டாவில் நம் வழக்கம். நானும் முகத்தை மூடிக்கொண்டேன். அன்று உங்கள்மேல் தவறில்லை.

அதன் பிறகு, நீங்கள் தடையில்லாமல் போகட்டும் என்று, கூடாரம் திறந்த நாள்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்களும் போகவில்லை. கேட்டவர்களிடம், "மாமியார் உள்ள இருப்பாங்க, மரியாதை கெட்டுடும்" என்றீர்களாம். தக்காளி விற்கும் நன்யோங்கா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "மாமியாரத் தொட்டாத்தான் கை நடுங்கும்பாங்க. இந்த மனுசனுக்கு ஊசிய நெனச்சாலே நடுங்குதே." கடைத்தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

முகாமில் உங்களுக்கு யார் சமைத்துப் போடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நோய் இருந்தால் மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பேரன் பேத்தி எடுக்கிறார்கள். தெரிந்துகொள்ள மறுக்கும் ஆணிடம் என் மகளை அனுப்பமாட்டேன்.

வியாழக்கிழமை கூடாரம் திறக்கும். நான் வீட்டைவிட்டு நகரமாட்டேன். நீங்கள் போகவில்லை என்றால் வெள்ளிக்கிழமை முகாமுக்கே வருவேன். உங்கள் ஆட்கள் பார்க்க, முகத்தை மூடாமல், உங்கள் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போவேன். வழக்கத்தை மீறியதற்கு வரும் நடுக்கம் எனக்கே வரட்டும்.

முடிவு எதுவானாலும் நசீவாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள். நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். தேவமாதா உங்களுக்குத் துணிவு தரட்டும்.

நசீவாவின் தாய்,
பெர்பெத்துவா நல்வோகா