முதலில் நான் எழுதினால்

9 ஜூலை, செவ்வாய்

என் கணவர் இறந்த பிறகும் நான் ரீசார்ஜ் செய்து வைத்திருந்த அவருடைய கைபேசி எண்ணை இன்று மகன் ரவிக்குக் கொடுத்துவிட்டேன். திருமழிசைத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். வேலை கேட்பவர்களுக்கு இனி அந்த எண்ணிலிருந்துதான் வாட்ஸப் செய்தி போகும்.

"இது கம்பெனிகளுக்கான வாட்ஸப். நாமளா முதல்ல அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் காசும்மா. அவங்க முதல்ல எழுதிட்டா ஒரு நாள் முழுக்க நம்ம பதில் ஃப்ரீ. உன் போன்லேர்ந்து அந்த நம்பருக்கு ஒரு ஹாய் போட்டுப் பாரேன்."

ஹாய் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை. "சாப்பிட்டீர்களா?" என்று எழுதினேன். உடனே என் கைபேசியில் அவர் பெயர் ஒளிர்ந்தது. "வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது."

"பாத்தியா, மெஷினே பதில் போட்டுடும்," என்று ரவி சிரித்தான்.

அவர் இருந்தபோதும் முதலில் பேசுவது நான்தான். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நான்தான். பேசிவிட்டால் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

இயந்திரம் என்று தெரியும். எண்ணைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்று தீர்மானித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நாளையும் நான் முதலில் எழுதினால் நாளையும் பதில் வரும். எண்ணை வாங்கிவிட்டால் வராது.