கண்ணாடி ஏற்றிய காருக்குள்

கரியும் வேர்வையுமாக வீட்டுக்குள் நுழைந்து, "ஜல்தியா சோத்தைப் போடு" என்று என்னை மிரட்டும் ஆசை அண்ணனுக்கு,

நாளைக்கு எனக்குக் கோர்ட்டு. நம் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறப்போகும் முதல் ஆள் நான்தான், அதுவும் ஒரு நாய்க்காக. நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, என்னோடு வந்து நின்றிருப்பாய். இப்போது யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

யுத்தம் இன்னும் முடியவில்லை. பெட்ரோல் கிடைப்பதில்லை. நீ ஓட்டிய விழுப்புரம் பஸ்ஸுக்கு மாட்டியது போல, உன் முதலாளியின் காருக்கும் பின்னால் கரி அடுப்பு மாட்டியாகிவிட்டது, பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில்தான் ஓடுகிறது. போன வாரம் திண்டிவனம் தாலுகா கச்சேரிக்கு எதிரே அந்தக் கார் வெயிலில் நின்றது. அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைத்து விசிறி சுற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுமே. அதனால் எல்லோரையும் போல அவரும் கனலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே விட்டுப்போன தன் நாய் குதித்து ஓடிவிடக் கூடாதென்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, கதவையும் பூட்டியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். உள்ளே நாய் இருந்தது, ஆனால் குரைக்கவில்லை. அதனால்தான் கிட்டே போய்ப் பார்த்தேன். சீட்டில் சரிந்து, நாக்கு வெளியே தொங்க, கண் பாதி மூடிக் கிடந்தது.

உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியபோதும் தூங்குகிற மாதிரிதானே இருந்தாய்? மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டு, அடுத்த டிரிப் வரைக்கும் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் அடுப்பு கனன்றுகொண்டே இருந்ததாம். "குடிச்சிட்டுப் படுத்துக்கினான், போய்ட்டான்" என்றார் முதலாளி. ஊரும் அதையே சொன்னது. கள்ளு வாசனை வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன் நீ!

கத்தினேன். கூட்டம் கூடியது, ஆனால் முதலாளி கார் என்று ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாயை வெளியே இழுத்து மரத்தடியில் போட்டேன். வெகுநேரம் அசையாமல் கிடந்து, பிறகு வாந்தி எடுத்து, தள்ளாடி எழுந்தது. முதலாளி வந்து சேர்ந்தபோது நன்றாகவே நின்றுகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுக்கினு கண்ணாடிய ஒடச்ச?"

"நாய் செத்துக்கினு இருந்துச்சிங்க."

"இதா செத்த நாயி? வாலாட்டிக்கினு நிக்குது பாரு!"

செத்திருந்தால் எனக்குச் சாட்சியாக இருந்திருக்கும். பிழைத்துக்கொண்டதால் என் மேல் கேஸ். போலீஸ்காரர் என் பேரைக் கேட்டபோது நம் அப்பா பேரே எனக்கு மறந்துபோனது.

வக்கீலிடம் போனேன். நல்ல மனிதர்தான். "மாட்டை அடிச்சா, நொண்டிக் குதிரைய வண்டில பூட்டினா சட்டம் இருக்குதும்மா. காருக்குள்ள நாய வுட்டுட்டுப் போனா என்னா பண்றதுன்னு தனியா ஒண்ணும் எழுதி வைக்கலியே. அடுத்தவன் கண்ணாடிய ஒடச்சா மட்டும் நல்லாவே எழுதி வச்சிருக்கான்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முதலாளி ஆளு அனுப்பியிருந்தாரு. கரிப் புகையால யாருக்கும் ஒண்ணும் ஆவாது, நான்தான் தெரியாம ஒடச்சிட்டேன்னு நீ கோர்ட்டுல சொல்லிடு. கேஸ வாபஸ் வாங்கிக்கிறாராம்" என்றார்.

முதலாளியின் கவலை நாயைப் பற்றியதோ கண்ணாடியைப் பற்றியதோ இல்லை. அடுப்புப் புகை ஆளைக் கொல்லும் என்று கோர்ட்டில் ஒரு பேச்சு எழுந்தால், அவர் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்?

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன் அண்ணா. தண்டனை என்று வந்தால் பள்ளிக்கூடத்தில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவின் கூழுக்குக் கேப்பை என் சம்பளத்தில்தான் வருகிறது. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டாலே கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறேன். போனவன் போய்விட்டான், இருக்கிறவள் பிழைக்க வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் பஸ் நிற்கிற இடத்தின் வழியாக வந்தேன். உன் பஸ் நின்றது. வெயிலுக்குப் படுதாவை இறக்கியிருந்தார்கள், பின்னால் அடுப்பில் புகை. பஸ் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினேன். சத்தமே இல்லை. ஆண்டவரே என்று அலறிக்கொண்டே மறுபடி தட்டினேன். கடைசியில் படுதாவை விலக்கிக்கொண்டு புது டிரைவர் தலை நீட்டினார். உன் வயசுதான் இருக்கும். முகம் வெளுத்திருந்தது.

"என்னா டீச்சரம்மா? தல வலி உயிர் போவுது, செத்த நேரம் படுக்கலாம்னா..."

"கீழ எறங்குங்க" என்றேன். "அந்த மரத்தாண்ட போய்ப் படுங்க. உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கினார். நாளைக்கும் நாளன்றைக்கும் அவரை யார் எழுப்புவார்கள்?

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கூண்டில் ஏறினால் நாக்கு எழும்புமோ என்னவோ. ஆனால் ஒன்று, புகையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மட்டும் என் வாயால் வராது. நாய் எப்படிக் கிடந்தது என்று கேட்பார்கள். நீ எப்படிக் கிடந்தாய் என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்த பயந்தாங்கொள்ளி,
தங்கை லூர்து மேரி