சீமாட்டிக்கு முதல் தர ஏற்பாடு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். அடுத்த துறைமுகத்தில் இது கைக்கு வரும்போது நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். என்ஜின் அறைச் சூட்டில் உங்களுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை.

சீமாட்டி செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். எப்படிச் செத்தது, பிறகு என்ன நடந்தது என்பது தெரியாது. போனில் சொல்ல வாயெடுத்தாலே, "எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன், நீ கவலப்படாத" என்கிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பூனையைப் பிடிக்காது. அதற்கும் என்னைப் பிடிக்காது. உங்கள் முதல் மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். அவரை அக்கா என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். அக்கா வளர்த்த பூனைக்கு மட்டும் என்னோடு உறவு கொண்டாட வரவில்லை. நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அது உட்காராது. நான் தட்டை வைத்துவிட்டு அறையை விட்டுப் போனால்தான் வாய் வைக்கும்.

கடைசிக் காலத்தில் அந்த வீம்பெல்லாம் போய்விட்டது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார் டாக்டரம்மா. வாயெல்லாம் புண். கொட்டாவி விட்டால் அழுகிய முட்டை வாடை. மூத்திரம் போன இடத்திலேயே படுத்துக்கொள்ளும். நான் பகலெல்லாம் ஓட்டல் சலவைக் கூடத்தில், முகம் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, எது ரத்தக் கறை, எது வாந்திக் கறை என்று பிரித்துப் போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே. குமட்டலை அடக்கிக்கொண்டு, வெந்நீரில் துணி நனைத்து அதன் பின்பக்கத்தைத் துடைப்பேன். அது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி குத்தி உப்புநீர் ஏற்றவும் கற்றுக்கொண்டேன். முதல் தடவை ஊசி தோலின் மறுபக்கமே வந்துவிட்டது. அது கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

உங்கள் தங்கை வந்திருந்தாள். வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். போனை எடுத்தபோது மட்டும் கைக்குட்டையை இறக்கி, சீமாட்டியின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்தாள். எடுத்த கையோடு சோப்புப் போட்டு முகம் கழுவப் போனாள். அந்தப் படத்துக்கு நீங்கள் அனுப்பிய பதிலை என்னிடமே காட்டினாள். "நீ ஒருத்தியாவது அவ பக்கத்துல இருக்கியே!" என்று எழுதியிருந்தீர்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்து நீங்கள் அமர்த்திய இறுதி ஏற்பாட்டுக் கம்பெனிக்காரன். உயிர் இருக்கும்போதே வந்துவிட்டான். வெள்ளைக் கோட்டு, மூக்கைத் துளைக்கிற சென்ட். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத முகம். "நம்ம பாப்பாவுக்கு என்ன கலர் பெட்டி பிடிக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே, சீமாட்டியின் கூடைக்கு மேலேயே மாதிரிப் படங்களை விரித்தான். மயிர்க்கற்றைக்குக் கண்ணாடிச் சிமிழாம். களிமண்ணில் காலடித் தடமாம். சாம்பலுக்கு வெண்கலச் செப்பாம். "சார் எல்லாத்துலயும் முதல் தரம் கேட்டுட்டாரு" என்று பல்லைக் காட்டினான். சீமாட்டி தலையைத் தூக்கி, அந்தப் படங்களின் மேலேயே வாந்தி எடுத்தது. அன்றுதான் எனக்கு அதை முதன்முதலாகப் பிடித்தது.

கடைசி ஊசியைப் போட டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது என் மடிக்கு வராதே என்றேன். "இப்ப வரும், வைங்க" என்றார். வந்தது. பழந்துணி மாதிரி கனமே இல்லை. தாடையை என் மணிக்கட்டில் வைத்துக்கொண்டது. என்மேல் ஆசையா, தலையைத் தாங்கத் தெம்பில்லையா, எனக்குத் தெரியாது. மூச்சு நின்றபோது என் மடி நனைந்தது. டாக்டரம்மா துணி நீட்டினார். நான் உடனே எழவில்லை.

ஓட்டலில் கழித்துப் போட்ட நீலக்கரைத் துண்டு ஒன்றில் சுற்றித்தான் கம்பெனி வண்டியில் ஏற்றினேன்.

சில நாளில் பெட்டி வந்தது. செப்பில் சாம்பல். சட்டம் போட்ட காலடித் தடம், கீழே "வலது முன்னங்கால்" என்று பொன்னெழுத்து. உங்கள் தங்கை படமெடுத்து அனுப்பினாள். "அப்படியே அவ கால்! இதப் பாத்ததும் அழுதுட்டேன்" என்று எழுதி, அந்தப் படத்தையே போன் முகப்பில் வைத்துக்கொண்டீர்கள்.

அந்தத் தடத்தில் நான்கு விரலும் இருக்கின்றன. சீமாட்டிக்கு வலது முன்னங்காலில் மூன்றுதான். கதவிடுக்கில் நசுங்கிய விரலை டாக்டர் எடுத்துவிட்ட கதையை எனக்குச் சொன்னதே நீங்கள். அது தானாகத் தேய்த்துக்கொள்ள முடியாமல் போனபின் நகம் வெட்டிவிட்டவள் நான். எனக்குத் தெரியாதா?

சட்டத்தை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். முன்னறையில் பட்டுத்திரை, மெல்லிய இசை. பின்பக்கம் போகப் பார்த்தபோது அவன் வழி மறித்தான். "உள்ள வரக் கூடாதும்மா, பாப்பாங்க தூங்குறாங்க" என்றான். எழுப்பத்தான் வந்திருக்கிறேன் என்று தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஐஸ்கிரீம் கடையில் இருப்பதுபோல நீளமான குளிர்பெட்டி. அதன் மூடிமேல் யாரோ பாதி கடித்து வைத்த ரொட்டி. உள்ளே கறுப்புப் பைகள், விறகு அடுக்கினதுபோல. கொழுப்பும் பினாயிலும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பையாகப் பிரித்தேன். என்னவெல்லாம் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். அடியில் நீலக்கரை தெரிந்தது.

அவன் கூசவே இல்லை. "அடுப்பு ரிப்பேரும்மா. குடும்பத்தக் காக்க வைக்கக் கூடாதேன்னுதான். சாம்பல்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றான். அவன்மேல் புகார் கொடுத்திருக்கிறேன். அது நடக்கிறபடி நடக்கட்டும்.

சீமாட்டியைக் கடைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். வழியில் பனி உருகிக் காலடியில் சொட்டியது. பக்கத்து இருக்கை அம்மாள் காலை ஒதுக்கிக்கொண்டு, "மீனா? நாறிடப் போகுது, சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோம்மா" என்றார். ஆமாம் என்றேன்.

கொல்லையில் துணிக்கொடிக்கு அடியில் நானே குழி வெட்டினேன். மண் இறுகிக் கிடந்தது, கை கொப்பளித்துவிட்டது. அந்தச் சாம்பலையும் பக்கத்திலேயே புதைத்தேன். யார் வீட்டுப் பிராணியோ, குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. அக்கா படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னீர்களே, அந்தச் செப்பு காலியாக இருக்கிறது.

இதையெல்லாம் உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் பதறிப்போய், "அண்ணன்கிட்ட சொல்லித் தொலைக்காத. மூத்த அண்ணி சாகக் கெடந்தப்பவும் அவன் இப்பிடித்தான், கப்பல்ல இருந்தே எல்லாத்தயும் பக்காவா ஏற்பாடு பண்ணான். லீவு குடுத்தும் எறங்கல. அவனால பாக்க முடியாது, விட்டுடு" என்றாள்.

லீவு கிடைக்கவில்லை என்றுதானே என்னிடம் சொல்லியிருந்தீர்கள்?

குளிர்பெட்டியைத் திறந்தபோது வராத வாந்தி அப்போது வந்தது. அக்காவுக்கு யார் துடைத்துவிட்டார்கள்? தலையைத் தாங்க யார் கை கொடுத்தார்கள்? கூலிக்கு வந்த நர்ஸா? உங்கள் தங்கையின் கைக்குட்டையா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? உங்கள்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். எழுதியதை அடித்து அழிக்க மாட்டேன்.

அதே சமயம், இந்த மனிதர் எதைக் கண்டு இப்படி ஓடுகிறார் என்றும் யோசிக்கிறேன். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நாற்றம் அடிக்கும், குமட்டும். ஆனால் பக்கத்தில் உட்கார முடியும். எனக்கே முடிந்தது, அதுவும் என்னைப் பிடிக்காத ஒரு பூனைக்கு.

வேளைக்குச் சாப்பிடுங்கள். போன் முகப்பில் இருக்கிற படத்தை எடுத்துவிடுங்கள். கரையில் இறங்கியதும் யாரிடமும் சொல்லி எந்த ஏற்பாடும் செய்யாமல், நேரே வீட்டுக்கு வாருங்கள். கதவைத் திறக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி