கத்தரி படாத கோட்டு

ஹாரோகேட்,
3 மார்ச் 2014, திங்கட்கிழமை.

அன்புள்ள தங்கை ஹில்டாவுக்கு,

பிப்ரவரி 24 தேதியிட்ட உன் கடிதமும் புகைப்படங்களும் 27ஆம் தேதி வந்து சேர்ந்தன. உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

எழுபத்திரண்டு வயதில் நீ போர்க்காலப் பெண்களின் உடைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதை நான் குறை கூறவில்லை. அக்டோபரில் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நடக்கும் போர்க்கால நினைவு விழாவுக்கு அக்காலத்தவளாகவே உடுத்திச் செல்ல விரும்புகிறாய், நல்லது. அப்படியானால் ஆண்டு சரியாக இருக்க வேண்டாமா? பச்சை ஆடையின் முதுகில் இருப்பது பிளாஸ்டிக் ஜிப். அது போர் முடிந்து வெகுகாலம் கழித்து வந்தது. தொப்பி 1948க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. பாவாடையில் அத்தனை மடிப்புகள்! 1942இல் துணித் தட்டுப்பாட்டால் மடிப்புக்கும் பொத்தானுக்கும்கூட அரசு வரம்பு கட்டியிருந்தது. கம்பளிப் பின்னல் சட்டை மட்டும் பிழையற்றது; என் பாராட்டு.

இனி, கடைசிப் பத்தியில் நீ போகிறபோக்கில் கேட்டிருப்பது. அப்பா 17 செப்டம்பர் 1938 அன்று தம் திருமணத்துக்கு அணிந்த சாம்பல் நிற ஸூட்டை நான் உனக்கு அனுப்ப வேண்டுமாம். நீ அதை வெட்டிப் பெண்கள் கோட்டும் பாவாடையுமாகத் தைத்துக்கொள்வாயாம். ஒரு பூச்சிகூட அரிக்காமல் அம்மா காத்து, அவளுக்குப் பின் நான் காத்துவரும் துணியில் கத்தரி வைப்பதா? இயலாது.

அன்புடன்,
எர்னஸ்ட்


பிக்கரிங்,
மார்ச் பத்தோ பதினொன்றோ.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொப்பி மீதான தீர்ப்பு கிடைத்தது. சனிக்கிழமைச் சந்தையில் அதை எடுத்தபோதே என் தோழி மேவிஸ் சொன்னாள்: "ஏய், இதை உங்கண்ணன் பார்த்தாருன்னா உன்னை ஜெயில்ல போட்டுடுவாரு." கடைக்காரன் விடவில்லை. "அசல் போர்க்காலச் சரக்கும்மா. குண்டு விழுந்த வீட்டுலேர்ந்து எடுத்தது." "வீடு இடிஞ்சுச்சு, தொப்பி மட்டும் நசுங்கலையாக்கும்?" என்றாள் மேவிஸ். அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஜிப்பைப் பிரித்துப் பொத்தான் வைத்துவிட்டேன். மடிப்புகளையும் பிரித்தாயிற்று. நீ சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டேன் அண்ணா. நான் கேட்டது ஒன்றுதான்.

நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசியில் நுழைத்தது என் தப்பு. அன்றைக்கு நம் தெருவில் அத்தனை பெண்களும் போருக்குப் போன புருஷனின் ஸூட்டை வெட்டித் தங்களுக்குத் தைத்துக்கொண்டார்கள். எப்படி வெட்டுவது என்று அரசாங்கமே படம் போட்டுக் காட்டியது. அம்மா மட்டும் வெட்டவில்லை. பக்கத்து வீட்டு ஐவி, "ஏண்டி, அலமாரியில தொங்குற துணி உன் குளிருக்கு ஆகுமா?" என்று கேட்டாளாம். "அவரு திரும்பி வந்தா எதைப் போட்டுக்கிட்டு வேலை தேடப் போவாரு?" என்றாளாம் அம்மா. அப்பா இறந்ததாகத் தந்தி வந்த பிறகும் அதே பதில். முழங்கை பிய்ந்த பழைய கோட்டிலேயே எத்தனை குளிர்காலத்தை ஓட்டினாள்!

அம்மா தைத்துக்கொள்ளாத அந்த உடுப்பைத் தைத்து ஒரு நாளாவது போட வேண்டும் எனக்கு. தொப்பியும் மற்றதும் அதற்குத் துணைக்குத்தான். யோசித்துச் சொல்.

அன்புடன் உன்
ஹில்டா


ஹாரோகேட்,
19 மார்ச் 2014, புதன்கிழமை.

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன் கடிதத்தில் தேதி தெளிவாக இல்லை. இதை எத்தனை முறை சொல்வது?

அம்மா வெட்டவில்லை என்று நீயே எழுதுகிறாய். அவளே வெட்டாததை வெட்ட நாம் யார்? அப்பா 6 ஆகஸ்ட் 1941 அன்று கப்பலேறியபோது எனக்கு இரண்டு வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. அலமாரியைத் திறந்தால் தொங்கும் அந்தத் தோள்கள்தாம் எனக்கு அப்பா. அண்ணாந்து பார்க்கும் உயரம், அகன்ற தோள். அவரைத் துண்டுகளாக்கி, ஊதுகுழல் வாத்தியங்களுக்கும் தேநீர்க் கூடாரங்களுக்கும் நடுவே நீ வேடம் போட்டுத் திரிவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இத்துடன் இப்பேச்சு முடியட்டும்.

எர்னஸ்ட்


பிக்கரிங்,
2 ஏப்ரல் 2014.

அண்ணா,

தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

வேடம் என்று எழுதிவிட்டாய். உனக்காவது அலமாரியில் தோள்கள் இருந்தன. நான் பிறந்தது அவர் போன பிறகு. அவர் என்னைத் தூக்கியதில்லை, நான் அவரைத் தொட்டதில்லை. அந்தக் கோட்டையாவது தொடலாம் என்று கிட்டே போனால், "கை அழுக்கு, போடீ" என்று விரட்டுவாய். அப்போது உனக்கு எட்டு வயது. இப்போதும் அதையேதான் செய்கிறாய்.

அம்மா காத்திருந்தாள், அதனால் வெட்டவில்லை. நீ யாருக்காகக் காத்திருக்கிறாய்?

இனிக் கேட்க மாட்டேன். படங்களும் அனுப்ப மாட்டேன்.

ஹில்டா


ஹாரோகேட்,
28 ஏப்ரல் 2014, திங்கட்கிழமை.

அன்புள்ள ஹில்டாவுக்கு,

ஏப்ரல் 9, 15 ஆகிய தேதிகளில் நான் எழுதிய இரு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தொலைபேசியையும் நீ எடுப்பதில்லை. இதையேனும் படிப்பாய் என எண்ணுகிறேன்.

24ஆம் தேதி வியாழக்கிழமை, உன் கேள்விக்குத் தக்க மறுப்பு எழுதும் நோக்கத்துடனேயே, துணியின் நிலையைப் பரிசோதிக்க ஸூட்டை வெளியே எடுத்தேன். எதற்காகக் கோட்டை அணிந்து பார்த்தேன் என்பதை என்னால் விளக்க இயலவில்லை. இத்தனை காலத்தில் ஒருபோதும் நான் அதைச் செய்ததில்லை. கைகள் முழங்கை வரை சென்றன. அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கிழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அப்படியே நடந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைக் காலால் தட்டினேன்.

பிராட்பென்ட் அம்மாள் திறந்து பார்த்து, "அட கடவுளே, மிஸ்டர் அக்ராய்ட்! யாரோ சின்னப் பையனோட கோட்டுல போய்க் கையை விட்டிருக்கீங்களே!" என்றார்.

"எங்கப்பாவோடது," என்றேன்.

"உங்கப்பாவோடதா? ஒல்லிப் பிள்ளையா இருந்திருக்காரே, பாவம். கையை லூசா விடுங்க, இழுக்கிறேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார்.

நான் பருத்தவன் அல்லன், உனக்குத் தெரியும். அண்ணாந்து பார்க்கும் உயரம் என்று உனக்கு எழுதினேன். அலமாரி உயரமாக இருந்தது, ஹில்டா. நான் சிறுவனாக இருந்தேன். அவர் இறந்தபோது அவருக்கு முப்பது வயது. அந்தப் பிள்ளைக்குத்தான் வாழ்நாள் முழுதும் பயந்து, உன்னையும் அண்டவிடாமல் நின்றிருக்கிறேன்.

ஸூட்டை இன்று காலை அஞ்சலில் அனுப்பிவிட்டேன். பொத்தான் மூன்றுக்கு மேல் வேண்டாம். பாவாடையில் ஒரு மடிப்புக்கு மேல் வைக்காதே. தோளை அதிகம் குறுக்காதே. உனக்கு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. வெட்டும்போது நான் அங்கிருக்க விரும்பவில்லை. அக்டோபர் 11, சனிக்கிழமை, காலை ரயிலில் வருகிறேன். நடைமேடையில் நில்.

அந்தக் கூட்டத்தில் என்னைப் போன்ற எவனாவது வந்து, இது எந்த ஆண்டின் உடை என்று துருவுவான். 1938 என்று சொல்லாதே. 1942 என்றும் சொல்லாதே, இரண்டும் பிழை. இந்த ஆண்டு என்று சொல்.

அன்புடன் உன் அண்ணன்,
எர்னஸ்ட்