மச்சாள், உங்கள் வரைபலகைக்கு அடாப்டர் கிடைத்துவிட்டது

என் அருமை ரஜனி மச்சாளுக்கு,

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வரைபலகை மறுபடி வேலை செய்கிறது. ஓம், அதேதான். மெரிலேண்ட்ஸ் வீட்டு முன் அறை மேசையை முழுதாக அடைத்துக்கொண்டிருக்குமே, சின்னத் தொலைக்காட்சி மாதிரி, திரையிலேயே பேனாவால் வரைகிற, தூக்கினால் இடுப்பு பிடிக்கும் அந்தச் சாமான். உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எட்டு மாதம் அண்ணா அதை ஒரு பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தார். தூசி துடைக்கக்கூட என்னை விடவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நீங்கள் வரைந்து தந்த பட அட்டைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் வராத எங்கட ஆட்கள் அவற்றைத் தொட்டுக் காட்டித்தான் நெஞ்சு நோகுது, குளிருது, தேத்தண்ணி வேணும் என்கிறார்கள். 'வயிறு சரியில்லை' அட்டையில் இருப்பது அண்ணாவின் முகம் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் சின்னத்துரை அங்கிள் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய்விட்டன. ஆனாலும் முதல் வாரம் கைத்தடியோடு நன்றாக நடந்தார். பிறகு திடீரென்று எல்லாம் மாறியது. இரண்டு அடி வைத்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். கரண்டியைத் தட்டுக்கு வெளியே வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீசுவார். நான் எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவேன். அட்டைகளை நீட்டினால் ஒன்றையும் பார்க்காமல் தள்ளிவிடுவார்.

எங்கள் பொறுப்பாளர் அவருக்கு மனம் தடுமாறுகிறது என்று முடிவெடுத்து, மறதி நோய்க்காரர்களுக்கான பூட்டிய பகுதிக்கு மாற்றக் கடிதம் தயாரிக்கத் தொடங்கினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாளும் பென்சிலும் கொடுத்துப் பார்த்தேன். இடது கையில் அழுத்தம் இல்லை. கோடு விழுந்ததா என்று எனக்கே தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை அவர் கேட்பதற்கு எங்களிடம் அட்டை இல்லையோ, புதிதாக வரைய வேண்டுமோ என்று நினைத்துத்தான் அண்ணாவிடம் போனேன்.

"அண்ணா, மச்சாளின்ரை பலகையில நான் கொஞ்சம் படம் கீறிப் பாக்கட்டே?"

"கீறலாம். ஆனா அது எழும்பாது" என்றார்.

உண்மைதான். உங்கள் பழைய கணினி செத்துப்போய்விட்டது. அண்ணாவின் புதியதில் விரல் நகம் அளவு இரண்டு துளைகள்தான் இருக்கின்றன. உங்கள் பலகையின் பிளக்கோ தீப்பெட்டி அளவில், இரண்டு பக்கமும் திருகாணியோடு நிற்கிறது. உங்களோடு அச்சகத்தில் வேலை செய்த செந்திலைக் கூப்பிட்டேன். கெல்லிவில்லிலிருந்து ஒரு பை நிறைய அடாப்டர்களோடு வந்தார்.

"அக்கா, இது ரொம்பப் பழசு. பேசாம புதுசு வாங்கிருங்க. கையடக்கமா வருது, வயரே வேண்டாம்" என்றார்.

"புதுசில ரஜனி கீறேல்லைத் தம்பி" என்றார் அண்ணா.

செந்தில் பையைத் தரையில் கொட்டி உட்கார்ந்துவிட்டார்.

முதல் அடாப்டருக்குள் பிளக் போகவே இல்லை. பார்த்தால், உங்கள் பிளக்கில் நான்கு ஊசிகள் அதிகம். அந்த நான்குக்கும் துளை உள்ளதைத் தேடி எடுத்து, அதன் வாலில் இன்னொன்றை மாட்டிக் கணினியில் செருகினார். பலகைத் திரை வெளிச்சம் போட்டது, ஆனால் பேனா அசையவில்லை. பேனாவுக்கான மென்பொருள் புதிய கணினிக்கு ஒத்துவரவில்லையாம். எங்கிருந்தோ வேறொரு பதிப்பைத் தேடி இறக்கினார்.

பிறகு நான் ஒரு கோடு போட்டேன். பலகையில் ஒன்றுமில்லை, கோடு கணினித் திரையில் விழுந்திருந்தது.

"நீ இஞ்ச கீற அது அங்க ஓடுது. ரஜனி பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பாள்" என்று சொல்லிவிட்டு அண்ணாவே சிரித்தார். எட்டு மாதத்தில் உங்கள் பெயரைச் சொல்லி அவர் சிரித்தது அன்றுதான். எந்தத் திரை தன்னுடையது என்று பேனாவுக்குச் செந்தில் சொல்லிக் கொடுத்ததும் எல்லாம் சரியானது.

என் ஓவியம் மட்டும் சரிவரவில்லை. நான் வரைந்த கழிப்பறையைப் பார்த்துச் செந்தில் தேரா என்று கேட்டார். அங்கிளை வைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு வரைவதுதான் வழி என்று தோன்றியது. "தனியத் தூக்க மாட்டாய், நானும் வாறன்" என்றார் அண்ணா. கடைக்குத் தவிர வேறெங்கும் போகாதிருந்த மனிதர் சனிக்கிழமை சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார்.

அங்கிளின் முன்னால் பலகையை வைத்துப் போர்வை ஒன்று வரைந்தேன். "போர்வையோ அங்கிள்?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோ வரைந்தேன். இடது கையால் பேனாவைப் பறித்துவிட்டார்.

அவர் சும்மா தொட்டார் மச்சாள், அவ்வளவுதான். நீங்கள் எப்போதும் போடும் மாதிரித் தடித்த கறுப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு வட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொரு வட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.

"சைக்கிளோ?" என்றார் அண்ணா.

அங்கிள் மேசையில் ஓங்கித் தட்டினார். பிறகு இரண்டு தலைகள் வரைந்தார், ஒன்று அவரைப் போலவே மொட்டை, மற்றதில் நெஞ்சுவரை தாடி. இரண்டு முகத்திலும் அதே வட்டங்கள். அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் அம்புக்குறிகள்.

அண்ணா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே லெபனான்காரர் ஒருவர், அதே தாடி, அதே மாதிரிக் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு சுகமாக நித்திரை.

"பிள்ளை, கண்ணாடி மாறிப்போச்சு" என்றார் அண்ணா.

அங்கிள் தலையை ஆட்டி ஆட்டி அழுதார். அந்தக் கண்ணாடியால்தான் தரை அவருக்குச் சுழன்றிருக்கிறது, நான் நீட்டிய அட்டைகளெல்லாம் புகையாகத் தெரிந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கழுவி வைத்தது யார் என்று கேட்காதீர்கள். அந்த வாரம் கழுவும் முறை என்னுடையது. வீசினவருக்கே நாள்தோறும் திரும்ப மாட்டிவிட்டதும் நான்தான். பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன், அங்கிளிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் என் கன்னத்தில் மெதுவாகத் தட்டினார். அது அடியா அன்பா என்று இன்னும் விளங்கவில்லை. அன்று பின்னேரமே நடைபாதையின் கடைசி வரை நடந்தார். கடிதம் கிழிந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் பலகை அங்கேதான். அங்கிள் வரைகிறார், அண்ணா அதற்கு அர்த்தம் சொல்கிறார், பெரும்பாலும் பிழையாக. போன சனிக்கிழமை இருவருக்கும் பெரிய சண்டை. சமாதானமாகி ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் அண்ணா வீட்டுக்கு வந்தார்.

செந்தில் இன்னும் புதுசு வாங்கச் சொல்கிறார். நான் வாங்க மாட்டேன் மச்சாள், இது உங்களுக்கு என் வாக்கு. எத்தனை அடாப்டர் கோத்தாலும் பரவாயில்லை, இதையே ஓட்டுவேன். புதியதை நான் தனியாகவே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

உங்கள் புருஷனைச் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க விடாத,
உங்கள் மச்சாள்,
கலா